கையில் சக்கரமா, கைபேசியில் வீடியோவா?

அக்கா பையன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். போன கோடை விடுமுறையில் அவனை ஓர் அறிவியல் மையத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே ஒரு சுழல் நாற்காலி இருந்தது. அதில் அவனை உட்காரவைத்து, இரண்டு பக்கமும் கைப்பிடி போட்ட சைக்கிள் சக்கரம் ஒன்றைக் கையில் கொடுத்து, அங்கிருந்த ஊழியர் அதை வேகமாகச் சுற்றிவிட்டார். "இப்ப சக்கரத்தை மெதுவா படுக்கவை தம்பி" என்றார். பையன் கைகளைச் சாய்த்தான். நாற்காலி அவனையும் தூக்கிக்கொண்டு திரும்பியது. எதிர்ப்பக்கம் சாய்த்தான். நாற்காலியும் எதிர்ப்பக்கம் திரும்பியது. "மாமா, நான் தள்ளவே இல்ல மாமா, இதுவா திருப்புது!" என்று கத்தினான்.

இத்தனைக்கும் கோண உந்தம், அதாவது சுழலும் பொருள் தன் சுழற்சியை விடாமல் வைத்திருக்கும் தன்மை பற்றி அவன் ஏற்கெனவே மூன்று வீடியோ பார்த்தவன். சொல் தெரியும், விதி தெரியும், பனிச்சறுக்கு ஆடுபவர் கையை மடக்கினால் வேகமாகச் சுற்றுவார் என்பதும் தெரியும். அந்த விதி தன் முன்கையைப் பிடித்து முறுக்கும் என்பது மட்டும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் அதே வீடியோவை மறுபடி போட்டான். இந்த முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறது என்று திரையில் விரல் வைத்துப் பார்த்தான்.

பிள்ளைகளுக்கு அறிவியல் காட்ட நேரில் போகும் இடங்கள் நல்லதா, இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை போதுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேள்வி பிறக்க நேரில் போக வேண்டும், பிறந்த கேள்வியைத் துரத்திக்கொண்டு போக இணையம் வேண்டும். முதலில் வீடியோ, பிறகு எப்போதாவது ஒரு சுற்றுலா என்று பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. அந்த வரிசையைத்தான் மாற்ற வேண்டும் என்கிறேன்.

திரையால் முடியவே முடியாத ஒன்று அளவு. கைபேசியில் திமிங்கலமும் ஆறு அங்குலம், வைரஸும் ஆறு அங்குலம். சென்னை எழும்பூரில் 1851-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்தில் திமிங்கல எலும்புக்கூட்டின் அருகே ஒரு குழந்தையை நிறுத்திப் பாருங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை குழந்தை தானாகவே நடந்து பார்க்கும். பெங்களூரு கப்பன் பூங்காவை ஒட்டி, கஸ்தூர்பா சாலையில் இருக்கும் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் ரைட் சகோதரர்களின் விமானம் அசல் அளவில் மாதிரியாக நிற்கிறது. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை சுமார் 40 அடி. 1903 டிசம்பர் 17 அன்று அவர்கள் முதன்முதலாகப் பறந்த தூரம் 120 அடி, 12 நொடி. அதாவது அந்த இறக்கையை மூன்று முறை நீட்டிப் போட்டால் முடிந்துவிடும் தூரம்! இந்த இரண்டு எண்களையும் நான் பள்ளியிலேயே படித்திருக்கிறேன். அந்த இறக்கையின் கீழே நின்றபோதுதான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றியது.

வேகத்தில் இணையம் ஜெயிக்கிறது. ஃபூக்கோ ஊசலை எடுத்துக்கொள்வோம். 1851-இல் பாரிஸில் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு, பூமி சுழல்வதை மக்கள் கண்ணால் காணும்படி செய்தார் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ. டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திலும் இப்படி ஓர் ஊசல் உண்டு. ஆனால் ஊசல் ஆடும் திசை ஒரு முழுச் சுற்றுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்பது ஊரைப் பொறுத்தது. பாரிஸில் ஏறக்குறைய 32 மணி நேரம், டெல்லியில் ஏறக்குறைய 50 மணி நேரம். நிலநடுக்கோட்டுக்கு நெருக்கமான சென்னையில் தொங்கவிட்டால் ஏறக்குறைய 106 மணி நேரம், நான்கு நாளுக்கும் மேல். ஒரு மணி நேரம் முன்னால் நின்றாலும் மூன்றரை டிகிரிதான் திரும்பியிருக்கும். எந்தப் பிள்ளை அதுவரை நிற்கும்? திரையில் நான்கு நாளை நாற்பது நொடியாக்கலாம். அட்சரேகையை மாற்றிக் கன்னியாகுமரிக்கும் காஷ்மீருக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே நிமிடத்தில் பார்க்கலாம். இந்த இடத்தில் நான் தயங்காமல் இணையத்தின் பக்கம்.

அதிலும் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் (PhET) தளம், சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் இடம். முழுக்க இலவசம். விளம்பரம் கிடையாது. பல சிமுலேஷன்கள் தமிழிலும் உண்டு. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். அதன் ஊசல் பக்கத்தில் ஈர்ப்பு விசையைப் பூமி, நிலவு, வியாழன் என்று மாற்றலாம். ஒரு மீட்டர் கயிற்றில் கட்டிய குண்டு பூமியில் ஒருமுறை போய்வர 2 நொடி ஆகிறது, நிலவில் ஏறக்குறைய 5 நொடி. எந்த அருங்காட்சியகமும் உங்களை நிலவுக்கு அழைத்துப் போகாது. நான் பையனை முதலில் வீட்டு உத்தரத்தில் நூலைக் கட்டி, நுனியில் ஒரு இரும்பு நட்டை மாட்டி, பத்து ஆட்டத்துக்கு எத்தனை நொடி என்று எண்ணச் சொன்னேன். 20 வந்தது. அதற்குப் பிறகு திரையில் நிலவைத் தட்டினான். அந்த மெதுவான ஆட்டத்தைப் பார்த்து அவன் வியந்ததற்குக் காரணம் 20 என்ற எண் அவன் கையால் எண்ணியது.

ஆனால் சிமுலேஷனுக்கு ஓர் எல்லை இருக்கிறது. எழுதியவர் அதற்குள் வைத்தது மட்டும்தான் அதில் இருக்கும். ஃபெட் தளத்தின் மின்சுற்றுப் பக்கத்தில் பேட்டரியின் இரு முனையையும் வெறும் வயரால் இணைத்தால் தீப்பிடிப்பதுபோல் காட்டும். நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். அதே சுற்றை டார்ச் பல்பும் பேட்டரிக் கட்டையும் வைத்து மேசைமேல் செய்து பாருங்கள். துரு ஏறிய முனையில் பல்பு எரியாது. வயரை முறுக்கி இறுக்கினால் எரியும். ஒரே கடையில் வாங்கிய இரண்டு பல்பு ஒரே மாதிரி எரியாது. கையை வைத்தால் சுடும். தவறு எங்கே என்று தேடும் அந்த அரை மணி நேரம்தான் அறிவியல் வேலையின் பெரும்பகுதி. திரையில் அந்தத் தேடலே இல்லை, ஏனென்றால் அங்கே எதுவும் துருப்பிடிப்பதில்லை.

வீடியோக்களின் சேதி வேறு. நல்லதும் பொய்யும் ஒரே வரிசையில் வந்து நிற்கும். காந்தத்தை ஒட்டிய சின்ன ஃபேன் மின்சாரமே இல்லாமல் சுற்றுவதாகவும், அதிலிருந்து பல்பு எரிவதாகவும் காட்டும் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஆற்றல் அழியாமை விதிப்படி அது நடக்காது. கண்ணில் படாத வயரோ பேட்டரியோ எங்காவது ஒளிந்திருக்கும். எங்கள் பையன் சேர்த்துவைத்த காசில் காந்தம் வாங்கி, பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றைத் தேடி எடுத்து இரண்டு நாள் முயன்றான். சுற்றவில்லை. என்னிடம் வந்து, "எனக்குத்தான் சரியா ஒட்டத் தெரியல மாமா" என்றான். எனக்கு மனசு வலித்தது. பொய்யைச் செய்தவர் எங்கோ இருக்க, பிள்ளை தன் கையைக் குறை சொல்கிறான். அருங்காட்சியகத்தில் இந்த ஆபத்து மிகக் குறைவு. விளக்கப் பலகையில் பிழை இருக்கலாம், ஆனால் கருவி உங்கள் கண் முன்னால் இயங்கியாக வேண்டும்.

அதற்காக அருங்காட்சியகங்களைக் கண்ணை மூடிக்கொண்டு பாராட்டவும் முடியாது. நாங்கள் போன அதே மையத்தில் பல கருவிகள்மேல் 'பழுது' என்ற அட்டை தொங்கியது. அதன் முன்னால் நின்று பித்தானை அழுத்தி அழுத்தி ஏமாந்த சின்னப் பிள்ளைகளின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. பழுதாகாதவற்றிலும் பாதி, பித்தானை அழுத்தினால் விளக்கு எரியும் வகை. பிள்ளைகள் ஒரு பித்தானிலிருந்து அடுத்த பித்தானுக்கு ஓடுகிறார்களே தவிர எங்கும் நிற்பதில்லை. அதைவிட மோசம், இப்போது பல இடங்களில் வைக்கும் தொடுதிரைப் பலகைகள். பைக்குள் இருக்கும் திரையைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டவா இத்தனை தூரம் வரவழைக்கிறார்கள்? ஓர் இடம் நல்லதா என்று அறிய எனக்கு ஓர் அளவுகோல்தான்: பிள்ளை கையால் எதையாவது மாற்றி, அதனால் விளைவும் மாறுகிறதா?

இதை முதலில் முழுசாகப் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டை உருவாக்கிய லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்குத் தலைமை தாங்கிய ராபர்ட்டின் தம்பி. அரசியல் காரணத்தால் பல்கலைக்கழக வேலையை இழந்து, கொலராடோவில் மாடு வளர்த்து, ஊர்ப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். 1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அறிவியல் அருங்காட்சியகத்தைத் தொடங்கியபோது, கருவிகளைச் செய்யும் பட்டறையையே பார்வையாளர் கண்ணில் படும்படி வைத்தார். அந்த நிறுவனம் 1993-இலேயே இணையத்துக்கும் வந்தது. தன் கருவிகளை வீட்டுப் பொருள்களால் செய்யும் முறைகளை இன்று அங்கே இலவசமாகத் தருகிறது. இரண்டு உலகத்தையும் ஒருசேரப் பிடித்த இடம் என்றால் எனக்கு அதுதான்.

நம் பக்கத்தில் அந்த வேலையைச் செய்தவர் அரவிந்த் குப்தா. ஐஐடி கான்பூரில் படித்தவர், 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வைத்து அவர் செய்யும் உருவங்களை ஒருமுறை செய்து பாருங்கள். நான்கு குச்சிச் சதுரம் விரல் பட்டதும் சாய்ந்துவிடும். மூன்று குச்சி முக்கோணம் அசையாது. மின்கோபுரத்திலும் இரும்புப் பாலத்திலும் ஏன் அத்தனை முக்கோணம் என்று பிள்ளைக்கு அதற்குமேல் விளக்க வேண்டாம். அவருடைய தளத்தில் தமிழிலும் படங்கள் உண்டு. காந்த ஃபேனால் மனம் உடைந்த பையனுக்கு அங்கே இருக்கும் எளிய மோட்டாரைத்தான் காட்டினேன். ஒரு டார்ச் கட்டை, இரண்டு ஊக்கு, ஒரு ரப்பர் பேண்ட், அதே காந்தம். வைண்டிங் கடையில் கேட்டு வாங்கிய எனாமல் செம்புக் கம்பியில் பத்துச் சுற்று. கம்பி முனையில் எனாமலை முழுக்கச் சுரண்டக் கூடாது, ஒரு பக்கம் விட்டுவைக்க வேண்டும். முதல் தடவை முழுக்கச் சுரண்டிவிட்டான், சுற்றவில்லை. படத்தை நிறுத்திப் பார்த்து மறுபடி செய்தான், சுற்றியது. கட்டையை எடுத்ததும் நின்றது. "அப்ப அந்த வீடியோ பொய்யா மாமா?" என்று அவனாகவே கேட்டான்.

செலவைப் பொறுத்தவரை நுழைவுக் கட்டணம் பெரிதில்லை, பயணம்தான் பெரிது. எல்லாரும் சென்னைக்கு வர வேண்டியதும் இல்லை. திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. திருச்சியில் கோளரங்கத்தோடு அண்ணா அறிவியல் மையம், கோவையில் மண்டல அறிவியல் மையம், வேலூரிலும் ஒன்று. ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து இடத்தைச் சுற்றுவதைவிட, பக்கத்தில் இருக்கும் ஒன்றுக்கு மூன்று முறை போங்கள். ஒவ்வொரு முறையும் நான்கு கருவி போதும். மொழியிலும் நேரில் போவதற்குத்தான் என் ஓட்டு. இணையத்தில் நல்லவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழ்வழிப் பிள்ளைக்கு முடுக்கம் எது, உந்தம் எது என்று மொழிபெயர்ப்பதிலேயே பாதிக் கவனம் போய்விடும். சக்கரம் கையை முறுக்கும்போது மொழி குறுக்கே நிற்பதில்லை.

வானத்துக்கு வருவோம். சென்னை கோட்டூர்புரத்தில் 1988-இல் திறந்த பிர்லா கோளரங்கத்தில் தமிழிலேயே காட்சி உண்டு. இருட்டில் சாய்ந்து உட்கார்ந்து தலைக்குமேல் நட்சத்திரம் விரியும் அந்த முதல் நிமிடத்தில் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக "ஓ" என்பார்கள். அதை எந்தத் திரையும் தராது. ஆனால் காட்சி முடிந்தால் முடிந்ததுதான், நமக்கு வேண்டிய நாளைக் காட்டச் சொல்ல முடியாது. ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் நம் ஊரையும் நாளையும் கொடுத்தால் வானம் அப்படியே வரும். அதில்தான் விழுப்புரத்துக்கு நிழலில்லா நாள் எப்போது என்று பையன் தேடினான். மகரரேகைக்கும் கடகரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில் ஆண்டுக்கு இரண்டு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வரும். சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும், விழுப்புரத்தில் ஏப்ரல் 21 வாக்கில் ஒருமுறை. நேரம் நண்பகல் 12 மணி 11 நிமிடம் என்று திரை காட்டியது.

அன்று மொட்டை மாடியில் முதலில் எவர்சில்வர் டம்ளரை வைத்தான். வாய் அகலமாக இருந்ததால் அடியைச் சுற்றி நிழல் வளையம் போகவே இல்லை. ஓடிப்போய் ஒரு முழம் பிவிசி குழாயை எடுத்துவந்து, தேங்காயெண்ணெய் பாட்டிலைப் படுக்கவைத்து உள்ளே நகரும் குமிழைப் பார்த்துத் தளத்தைச் சரிபார்த்து நிறுத்தினான். கால் சுட்டது, நகரவில்லை. 12 மணிக்கு ஒரு விரற்கடை நிழல் இருந்தது. 12.05-க்கு அரை விரற்கடை. பிறகு குழாயின் அடியில் வெறும் சிமெண்ட் தரைதான் தெரிந்தது. கைபேசியில் மணியைப் பார்த்துவிட்டு, அதைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு, மறுபக்கம் நிழல் எப்போது எட்டிப்பார்க்கும் என்று குத்தவைத்து உட்கார்ந்தான்.