வீட்டு பியருக்குச் சமையலறைப் பாத்திரங்கள்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

பிரித்தானியாவில் சொந்தத் தேவைக்காக வீட்டில் பியர் தயாரிக்க 1963ஆம் ஆண்டிலிருந்து உரிமம் தேவையில்லை. அதை விற்கத்தான் கூடாது. மின்கொதிகலன் எதுவும் வாங்காமல், சமையலறையில் இருக்கும் பாத்திரங்களைக் கொண்டே சில ஆண்டுகளாக 5 லிட்டர் அளவில் இங்கே பியர் தயாரித்து வருகிறேன். கொதி முடியும்வரை சமையல் பாத்திரமே போதும் என்பதும், கொதித்து ஆறிய சாற்றை (நொதித்துப் பியராகப் போகும் இனிப்பு நீரை) தொடும் ஒவ்வொரு பொருளும் பியருக்கென்றே ஒதுக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

முதலில் வேண்டியது அடிகனமான எவர்சில்வர் பாத்திரம். ஒரு மணி நேரம் கொதிக்கையில் அகன்ற வாய் வழியே 2 லிட்டர் வரை ஆவியாகிவிடுவதாலும், கொதி எழும்போது புரத நுரை பால் பொங்குவதுபோல் விளிம்புவரை ஏறுவதாலும், 5 லிட்டர் பியருக்கு 10 லிட்டர் பாத்திரமாவது தேவை. அந்தச் சில நிமிடங்கள் தீயைத் தணித்துக் கிளறியபடி அடுப்பருகிலேயே நிற்க வேண்டும். அலுமினியத்திலும் தாராளமாகக் கொதிக்க வைக்கலாம். ஆனால் காரத்தன்மையுள்ள சுத்திகரிப்புத் தூள்கள் அதன் ஆக்சைடு படலத்தை அரித்துவிடும். எனாமல் பெயர்ந்த பாத்திரம் ஆகாது.

கொதிக்கு முன், நொறுக்கிய பார்லி மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லியை) 65 முதல் 68 பாகை செல்சியஸில் ஒரு மணி நேரம் ஊறவைக்கும்போதுதான் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. இந்த வரம்பின் கீழ்ப்பகுதியில் நின்றால் பியர் இனிப்பின்றி மெலிதாக இருக்கும். மேற்பகுதியில் நின்றால் கனம் கூடும். இதற்கெனத் தனித் தொட்டி எனக்குத் தேவைப்படவில்லை. மூடிய பாத்திரத்தை, லேசாகச் சூடாக்கி அணைத்த ஓவனுக்குள் வைத்தால் வெப்பம் ஓரிரு பாகைக்கு மேல் இறங்குவதில்லை. மால்ட்டை மெல்லிய துணிப்பையில் கட்டி ஊறவைத்துவிட்டு, பிறகு பையைத் தூக்கி வடிதட்டில் வைத்தால், சாறு தானாகவே வடிந்துவிடும்.

சமையலறைத் தராசு மட்டும் கைகொடுப்பதில்லை. கொதியில் கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவை 6 கிராம் நிறுக்கும்போது 1 கிராம் முன்பின்னாகப் போனாலே கசப்பு மாறிவிடும். ஆகவே 0.1 கிராம் காட்டும் சிறிய தராசையும், வெப்பமானியையும், சாற்றில் சர்க்கரை எவ்வளவு என்று காட்டும் அடர்த்திமானியையும் வாங்கத்தான் வேண்டும்.

கொதித்த பாத்திரத்தை மூடி, சிங்க்கில் ஐஸ் நீருக்குள் இறக்கி, நீரை இடையிடையே மாற்றினால் அரை மணி நேர அளவில் ஈஸ்ட் சேர்க்கும் சூட்டுக்கு ஆறிவிடும். இதற்குப் பின் சமையல் பொருள்களை நம்ப முடியாது. பிளாஸ்டிக் வடிகட்டியின் கீறல்களில் தங்கும் நுண்ணுயிர்கள் சோப்புக்குப் போகாது. சாம்பார் பட்ட பிளாஸ்டிக்கில் பெருங்காய வாசனை பல முறை கழுவிய பின்னும் நிற்கும். எனவே காற்றுப்பூட்டு (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) பொருத்திய உணவுத்தர வாளி, குழாய், கரண்டி ஆகியவற்றைத் தனியாக வைத்து, ஒவ்வொரு முறையும் கிருமிநீக்கம் செய்கிறேன். பிரஷர் குக்கரைப் பூட்டி நொதிக்க வைப்பதோ ஆபத்து. வெளியேறும் வழி அடைபட்டால், கரியமில வாயு உள்ளே அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும்.

நிரப்புவதற்குச் சோடா பானங்களின் பெட் பாட்டில்களே போதுமானவை. அடர்த்திமானி காட்டும் அளவு தொடர்ந்து மூன்று நாள் மாறாமல் இருந்து நொதித்தல் முடிந்தது தெரிந்தபின், பாட்டிலுக்குள் வாயு உருவாக லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை சேர்த்து நிரப்பி, பாட்டில் விரலுக்கு அமுங்காத அளவுக்கு இறுகியதும் ஃபிரிட்ஜுக்கு மாற்றுகிறேன். ஜாம், ஊறுகாய்க் கண்ணாடிப் புட்டிகள் அந்த அழுத்தத்தில் வெடிக்கக்கூடும் என்பதால், எவ்வளவு சிக்கனம் பார்ப்பவரும் அவற்றில் பியரை அடைத்து வைக்கக் கூடாது.