1408 அறைக்கு இரண்டு முடிவுகள்: திரையரங்கப் பதிப்பா, இயக்குநர் பதிப்பா?

அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கின் சிறுகதையைத் தழுவி 2007ஆம் ஆண்டு வெளிவந்த ‘1408’ படத்தைப் பற்றிப் பார்வையாளர்கள் வாதிடும்போது, அவர்கள் பார்த்தது ஒரே படமல்ல என்பது பல நேரங்களில் பாதி விவாதம் முடிந்த பிறகுதான் தெரியவருகிறது. கதாநாயகன் உயிர் பிழைத்துவிட்டான் என்கிறார் ஒருவர். அவனுடைய இறுதிச் சடங்கையே பார்த்தேன் என்கிறார் மற்றொருவர். இருவர் சொல்வதும் சரிதான். படத்தின் கடைசிச் சில நிமிடங்கள் திரையரங்கப் பதிப்பில் ஒரு விதமாகவும், இயக்குநர் தம் விருப்பப்படி அமைத்த இயக்குநர் பதிப்பில் முற்றிலும் வேறு விதமாகவும் அமைந்திருக்கின்றன. இவற்றில் ஒன்றை மட்டும் என் சேகரிப்பில் வைத்துக்கொள்ளவும், கேட்பவர்களுக்குப் பரிந்துரைக்கவும் முடிவுசெய்ய வேண்டியிருந்தபோது, நான் திரையரங்கப் பதிப்பையே தேர்ந்தெடுத்தேன். என்னோடு பேசிய தீவிரத் திகில் ரசிகர்களில் பலர் இதை ஏற்பதில்லை என்பதால் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். முடிவுகளைப் பற்றிப் பேசாமல் இந்த ஒப்பீட்டைச் செய்ய இயலாது. ஆகவே படத்தை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்த பிறகு படிப்பது நல்லது.

இரண்டு பதிப்புகளுக்கும் பொதுவானவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பேய் உலவுவதாகச் சொல்லப்படும் இடங்களில் இரவு தங்கி, எங்கும் பேயைக் காணாமலே அவற்றைப் பற்றிப் புத்தகம் எழுதிப் பிழைப்பவன் மைக் என்ஸ்லின். நியூயார்க் நகரின் டால்ஃபின் ஹோட்டலில் உள்ள 1408ஆம் எண் அறையில் தங்கியே தீருவேன் என்று அவன் பிடிவாதம் பிடிக்கிறான். மேலாளர் ஓலின் தடுத்துப் பார்க்கிறார். அந்த அறையில் 56 பேர் இறந்திருக்கிறார்கள் என்றும், ஒரு மணி நேரத்துக்கு மேல் எவரும் தாக்குப்பிடித்ததில்லை என்றும் எச்சரிக்கிறார். என்ஸ்லினாக நடித்த ஜான் கியூசாக்கும் ஓலினாக நடித்த சாமுவேல் எல். ஜாக்சனும் அலுவலக அறையில் எதிரெதிரே அமர்ந்து பேசும் அந்த நீண்ட உரையாடல், படத்தைப் பிடிக்காதவர்கள்கூடப் பாராட்டும் பகுதி. மூலக்கதையிலும் இந்த உரையாடலே பெரும் இடத்தை எடுத்துக்கொள்கிறது. நடிப்பு, ஒலியமைப்பு, அறுபது நிமிடங்களைப் பின்னோக்கி எண்ணும் கடிகாரம் ஆகியவற்றில் இரு பதிப்புகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. இவற்றை வைத்து ஒன்றை மற்றொன்றைவிட உயர்த்த முடியாது.

மூலக்கதையைப் படித்தவர்களின் மனக்குறையும் இரு பதிப்புகளுக்கும் பொதுவானதே. 1999இல் கிங் தாமே வாசித்து ஒலிப்புத்தகமாக வெளியிட்டு, 2002இல் தொகுப்பு நூலில் சேர்த்த அந்தக் கதையில், என்ஸ்லினுக்கு இறந்துபோன மகள் கிடையாது. அறைக்கு அவனுடைய கடந்த காலத்தைப் பற்றிய அக்கறையும் கிடையாது. கதவின் கோணம் மாறுகிறது, உணவுப் பட்டியல் வெவ்வேறு மொழிகளுக்குத் தாவுகிறது, தொலைபேசியில் ஒரு குரல் எண்களைக் கத்துகிறது. மனித அறிவுக்கு எட்டாத ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்பது மட்டுமே நமக்குப் புரிகிறது. படமோ கேட்டி என்ற குழந்தையையும், அவள் நோயால் இறந்ததையும், அதன் பிறகு என்ஸ்லின் தன் மனைவி லில்லியை விட்டு விலகியதையும் சேர்த்து, அறையை அவனுடைய துயரத்தின் மீது பாயும் மிருகமாக மாற்றிவிட்டது. இதனால் கதையின் அந்நியத்தன்மை குறைந்துவிட்டது என்று வருந்துபவர்களின் கருத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மாற்றத்தைச் செய்த பிறகு, படம் தன் முடிவுக்கு வரும்போது அந்தக் குழந்தைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இரு பதிப்புகளையும் நான் எடைபோடுவது இந்த இடத்தில்தான்.

முதலில் இயக்குநர் பதிப்பு. ஓலின் அன்பளிப்பாகக் கொடுத்த மதுப்புட்டியைக் கொண்டே என்ஸ்லின் அறைக்குத் தீ வைக்கிறான். அந்தத் தீயிலேயே இறந்தும் போகிறான். இறுதிச் சடங்கில் ஓலின் லில்லியை அணுகி, அறையில் மிஞ்சிய பொருள்கள் அடங்கிய பெட்டியைக் கொடுக்க முன்வருகிறார். அவள் வாங்க மறுக்கிறாள். தம் காருக்குத் திரும்பிய ஓலின் பெட்டியிலிருந்த ஒலிப்பதிவுக் கருவியை இயக்குகிறார். என்ஸ்லினின் குரலோடு குழந்தையின் குரலும் கேட்கிறது. பின்னிருக்கையில் கருகிய உருவம் ஒன்று ஒரு கணம் தோன்றுகிறது. கடைசியாக, எரிந்துபோன அறையில் நிற்கும் என்ஸ்லினின் ஆவி மகள் அழைக்கும் குரலைக் கேட்டு நடந்து சென்று மறைகிறது. இயக்குநர் மைக்கேல் ஹாஃப்ஸ்ட்ராம் முதலில் எடுத்த முடிவு இதுவே. வெளியீட்டுக்கு முன் நடந்த சோதனைத் திரையிடல்களில் படத்தைப் பார்த்தவர்களுக்கு அது அளவுக்கு மீறிய சோர்வைத் தந்ததால்தான் வேறு முடிவு படமாக்கப்பட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இந்தப் பின்னணியே பலரை இயக்குநர் பதிப்பின் பக்கம் சாய்த்துவிடுகிறது. சோதனைத் திரையிடலுக்கு வந்தவர்களின் விருப்பத்துக்காக மாற்றப்பட்ட முடிவு சமரசம், கலைஞன் முதலில் நினைத்ததே உண்மை என்ற எண்ணம் நம் எல்லோருக்கும் எளிதில் வருகிறது. அத்தோடு, அறைக்குள் போனவர் எவரும் மீள்வதில்லை என்று அத்தனை அழுத்தமாகச் சொன்ன படம் அந்தச் சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்ற வாதமும் இருக்கிறது. இதை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். அறை, என்ஸ்லினின் உருவத்தைக் கணினித் திரையில் போலியாகக் காட்டி லில்லியை அங்கே வரச் சொல்கிறது. அவளைக் காப்பாற்றத்தான் அவன் தீ வைக்கிறான் என்று கொண்டால், அவனுடைய மரணத்துக்குத் தியாகத்தின் கனம் கிடைக்கிறது. மகளிடம் போய்ச் சேர்வது ஆறுதலாகவும் இருக்கிறது. இந்த முடிவைப் பார்த்துக் கண்கலங்கியவர்களின் உணர்வைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

திரையரங்கப் பதிப்பில் தீயணைப்பு வீரர்கள் என்ஸ்லினை மீட்கிறார்கள். மருத்துவமனையில் அவன், அந்த அறையில் கேட்டியைப் பார்த்ததாகச் சொல்கிறான். லில்லி நம்ப மறுக்கிறாள். பிறகு இருவரும் மீண்டும் ஒன்றாக வாழத் தொடங்குகிறார்கள். கருகிய பொருள்கள் அடங்கிய பெட்டியை ஒதுக்கிக்கொண்டிருக்கும்போது என்ஸ்லின் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து இயக்குகிறான். ஒலிநாடாவில் கேட்டியின் குரல் வருகிறது. லில்லியும் அதைக் கேட்கிறாள். அவள் கையிலிருந்த பெட்டி நழுவி விழுகிறது. அவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதோடு படம் முடிகிறது.

ஆக, ஒலிநாடாவைக் கேட்பவர் யார் என்பதே இரண்டு பதிப்புகளுக்கும் இடையிலுள்ள உண்மையான வேறுபாடு. கதாநாயகன் பிழைக்கிறானா சாகிறானா என்பதைவிட இதுவே முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். படம் முழுவதும் என்ஸ்லின் அந்தக் கருவியைக் கையிலேயே வைத்திருக்கிறான். நம்பிக்கை இழந்த ஒருவன், கண்ணால் காண்பதைக்கூட நம்பாமல், எல்லாவற்றையும் சாட்சியமாகப் பதிவு செய்துகொண்டே போகிறான். அறை காட்டுபவை எல்லாம் அவனுடைய மூளைக்குள் நிகழும் மயக்கமாக இருக்கலாம் என்ற வாய்ப்பைப் படம் கடைசிவரை திறந்தே வைத்திருக்கிறது. அப்படியிருக்க, அந்தக் கருவியில் பதிந்திருக்கும் குரல் மட்டுமே வெளியுலகத்தில் இன்னொருவர் சரிபார்க்கக்கூடிய ஒரே பொருள். அதை யாரிடம் ஒப்படைப்பது என்பது திரைக்கதையின் மிகப் பெரிய முடிவு.

இயக்குநர் பதிப்பு அதை ஓலினிடம் ஒப்படைக்கிறது. அவருக்கோ அது தேவையே இல்லை. அந்த அறையின் இயல்பை எல்லோரையும்விட நன்கு அறிந்தவர் அவர். தொடக்கத்திலேயே முழுமையாக நம்பியவர். ஒலிநாடா அவருக்குப் புதிதாக எதையும் சொல்வதில்லை. ஆகவே காட்சிக்கு அதிர்ச்சி ஊட்டுவதற்காகப் பின்னிருக்கையில் ஓர் உருவத்தைக் காட்டி நம்மைத் துள்ளவைக்க வேண்டியிருக்கிறது. அறுபது நிமிட நரகத்தை அத்தனை நுணுக்கமாகக் கட்டியெழுப்பிய படத்தில் அந்தத் துள்ளல் மலிவாகத் தோன்றுகிறது. அதை விரும்புபவர்கள் உண்டு என்றாலும், இரண்டாம் முறை பார்க்கும்போது அது பயமுறுத்துவதில்லை. உண்மையில் அந்தக் குரலைக் கேட்டாக வேண்டியவள் லில்லி. அவளோ பெட்டியை வாங்க மறுத்துவிட்டதால், தன் கணவன் எதைக் கண்டான் என்பதையும் தன் குழந்தையின் குரல் எங்கோ பதிந்திருக்கிறது என்பதையும் அறியாமலே படத்திலிருந்து போய்விடுகிறாள்.

திரையரங்கப் பதிப்பு அதை அவளுக்கே கொடுக்கிறது. குழந்தையை இழந்த தாய், அந்த இழப்பை ஏற்றுக்கொண்டு நடக்கக் கற்றுக்கொண்டவள், அவன் சொன்னதை நம்ப மறுத்தவள், இப்போது அந்தக் குரலைக் கேட்கிறாள். இதைச் சிலர் மகிழ்ச்சியான முடிவு என்று அழைப்பது எனக்கு வியப்பளிக்கிறது. அறைக்குள் கேட்டி தந்தையின் கைகளில் இரண்டாம் முறை இறந்து சாம்பலாக உதிர்ந்தது அந்த ஒலிநாடாவில் இருக்கிறது. அவளுடைய ஆவிதான் அங்கே வந்ததா, அவளுடைய குரலை அறை கடன்வாங்கிக்கொண்டதா என்பதை அவர்களால் ஒருபோதும் தீர்மானிக்க முடியாது. முன்பு ஒருவர் மட்டும் சுமந்த சந்தேகத்தை இனி இருவரும் ஆயுள் முழுவதும் சுமக்க வேண்டும். எல்லாத் துயரத்திலிருந்தும் விடுபட்டு மகளை நோக்கி நடந்துபோகும் ஆவியைவிட, உயிரோடு இருந்துகொண்டு அந்தக் குரலோடு வாழவேண்டிய இருவரின் நிலையே எனக்கு அதிக அச்சம் தருகிறது.

இதற்கு வலுச்சேர்க்கும் இன்னொரு செய்தியும் படத்திலேயே இருக்கிறது. நடுவில் ஒருமுறை என்ஸ்லின் அறையிலிருந்து தப்பிவிட்டதாகவே நம்மை நம்பவைக்கிறார்கள். கடற்கரையில் கண் விழிக்கிறான். லில்லியோடு சமாதானம் ஆகிறான். நடந்ததைப் புத்தகமாக எழுதி அஞ்சலகத்துக்கு எடுத்துச் செல்கிறான். அங்கே வேலைசெய்யும் ஆட்கள் சுவர்களை உடைக்கத் தொடங்க, உடைந்த சுவருக்குப் பின்னால் அதே அறை. இப்படி ஒருமுறை ஏமாற்றப்பட்ட பார்வையாளர், அதன் பிறகு காட்டப்படும் எந்த விடுதலையையும் முழுமையாக நம்ப மாட்டார். லில்லியோடு சமாதானம், புதிய தொடக்கம், எழுதும் மேசை என்று திரையரங்கப் பதிப்பின் கடைசிக் காட்சிகள் அந்தப் பொய்யான விடுதலையை அப்படியே ஒத்திருக்கின்றன. அவன் இன்னும் அறைக்குள்தான் இருக்கிறானோ என்று பார்த்தவர்களில் ஒரு பகுதியினர் இன்றும் கேட்கிறார்கள். ஒரு மணி நேரம் முடிந்ததும் கடிகாரம் மீண்டும் அறுபதிலிருந்து தொடங்குவதை முன்பே பார்த்துவிட்டதால், அந்தக் கேள்வியைப் புறந்தள்ளவும் முடியவில்லை. அவன் வெளியே வந்துவிட்டான் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதை அடித்துச் சொல்ல முடியாதபடி படம் அமைந்திருப்பதை அதன் பலமாகக் கருதுகிறேன். இயக்குநர் பதிப்பில் உடலும் சவப்பெட்டியும் ஆவியும் வந்துவிடுவதால் இந்தக் கேள்விக்கே இடமில்லை, எல்லாம் தீர்ந்துவிடுகிறது.

மூலக்கதைக்கு எது நெருக்கம் என்று கேட்டால் அங்கும் திரையரங்கப் பதிப்பையே சொல்வேன். இருண்ட முடிவு என்பதால் இயக்குநர் பதிப்பே கிங்குக்கு உண்மையானது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் கதையில் என்ஸ்லின் சாவதில்லை. தன் சட்டைக்குத் தானே தீ வைத்துக்கொண்டு அறையிலிருந்து வெளியே பாய்ந்து பிழைக்கிறான். ஒலிப்பதிவுக் கருவி சற்றுக் கருகினாலும் அழியாமல் தப்புகிறது. அவனோ அதன் பிறகு எழுதுவதையே விட்டுவிடுகிறான். அந்தி நேரத்து மஞ்சள் ஒளியைத் தாங்க முடியாதவனாக மாறிவிடுகிறான். உயிர் பிழைத்தவன் எப்படி மிச்ச நாளை ஓட்டுவது என்பதே கதையின் கடைசிப் பக்கங்கள் எழுப்பும் கேள்வி. கதையில் உள்ள சேதம் திரையரங்கப் பதிப்பில் அந்த அளவுக்கு இல்லை. அவன் மீண்டும் எழுத உட்காருவது மூலத்தின் கசப்பைக் குறைத்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் சாட்சியமும் சாட்சியும் சேர்ந்து மிஞ்சுவது இந்தப் பதிப்பில்தான்.

என் தீர்ப்பில் ஒரு பலவீனம் உண்டு. நான் முதலில் பார்த்தது திரையரங்கப் பதிப்பு. இயக்குநர் பதிப்பைப் பார்க்கும்போது எந்த இடத்தில் வேறுபடும் என்று காத்துக்கொண்டே பார்த்தேன். எதையும் அறியாமல் இயக்குநர் பதிப்பை முதலில் சந்திப்பவருக்கு அந்த இறுதிச் சடங்கு எப்படி இடிபோல் இறங்கும் என்பதை என்னால் ஊகிக்கத்தான் முடியும். குழந்தையை இழந்தவர்கள் இந்தப் படத்தை எப்படிப் பார்ப்பார்கள் என்பது பற்றியும் எனக்குச் சொல்லத் தகுதியில்லை. தந்தையும் மகளும் மீண்டும் சேரும் முடிவு அவர்களில் சிலருக்கு வேறு பொருள் தரக்கூடும்.

வாங்குவதற்கோ இணையத்தில் பார்ப்பதற்கோ முன் எந்தப் பதிப்பு என்பதைப் படத்தின் நீளத்தைக் கொண்டு பெரும்பாலும் அடையாளம் காணலாம். திரையரங்கப் பதிப்பு சுமார் 104 நிமிடங்கள். இயக்குநர் பதிப்பு ஏறத்தாழ 112 நிமிடங்கள். படத்தின் பெயருக்குக் கீழே பதிப்பின் பெயரைக் குறிப்பிடாமல் விட்டுவிடுவது வழக்கமாக இருப்பதால், நண்பர்களோடு விவாதிக்க உட்காரும் முன்பும் இந்த எண்ணைக் கேட்டுக்கொள்வது நல்லது. இரண்டையும் பார்க்க நேரம் இருப்பவர்கள் திரையரங்கப் பதிப்பை முதலில் பார்க்கட்டும். அதன் பிறகு இயக்குநர் பதிப்பின் கடைசிப் பகுதியை மட்டும் தனியே பார்த்தாலே போதும்.