எண்ணெய்த் தேய்ப்புக்கு என்ன உடுத்திப் போவது: என் நான்கு ஆண்டு அனுபவம்

2021இல் என் வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் போனது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள்பட்டை இறுகுவது அடிக்கடி நேர்வதுதான் என்று சொன்ன மருத்துவர், சில பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்தார். பயிற்சிதான் முக்கியம், எண்ணெய்த் தேய்ப்பு இதமாக இருந்தால் போய் வாருங்கள் என்றார். அன்றிலிருந்து மாதம் இரண்டு முறை வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து பாலாற்றுப் பாலத்தைக் கடந்து காட்பாடியில் ஒரு நிலையத்துக்குப் போய் வருகிறேன். வாசல் பலகையில் ஸ்பா என்று எழுதியிருக்கிறது. உள்ளே நடப்பது தைலத் தேய்ப்பும் நீராவிக் குளியலும்.

துணி விஷயத்தில் யாரும் எனக்கு முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது பார்க்க நன்றாக இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். நாம் துணி எடுத்துவைக்க வேண்டியது திரும்பி வரப்போகும் உடம்புக்காக. நீராவியில் இருந்து எழும்போது இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் சற்று இறங்கியிருக்கும். சட்டென்று குனிந்தால் தலை சுற்றும். விரலெல்லாம் எண்ணெய், தோலெல்லாம் ஈரம், கைகால்களில் ஒரு தளர்ச்சி. அந்த நிலையில் குனியாமல், கையைத் தூக்காமல், இன்னொருவர் உதவி இல்லாமல் போட்டுக்கொள்ள முடிகிற உடைதான் நல்ல உடை.

முதல் முறை புடவையில் போனேன். தேய்ப்பு முடிந்ததும் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய கையில் ரவிக்கைக் கை ஏறவே இல்லை. ஐந்தரை மீட்டர் துணியைச் சுற்றிக் கொசுவம் வைக்கவும் தெம்பு இல்லை. அடுத்த முறை ரேயான் சுடிதார். தொட்டால் வழுவழுப்பாக, குளுமையாக இருக்கும் துணி அது. ஆனால் நனைந்தால் ரேயானின் வலு ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பதை அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். வியர்வையும் நீராவி ஈரமும் சேர்ந்திருந்த நேரத்தில் தலைவழியாக இழுத்தபோது அக்குளில் தையலோரம் பிரிந்துவிட்டது.

அன்றே இன்னொன்றும் நடந்தது. பேண்ட்டின் நாடாவைக் காலையில் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தேன். தேய்ப்புக்கு முன் அதை அவிழ்க்கப் பார்த்தேன். வலது கை ஒத்துழைக்கவில்லை, இடது கை விரல்கள் வழுக்கின, ஏனென்றால் தலைக்கு எண்ணெய் வைத்த பிறகுதான் உடை மாற்றச் சொன்னார்கள். இழுக்க இழுக்க முடிச்சு சின்னதாகிக் கல்போல் ஆனது. தேய்ப்பு செய்யும் பெண் என் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து, தன் தலையிலிருந்த ஹேர்பின்னை எடுத்து, முடிச்சின் கண்ணுக்குள் விட்டு நெம்பி நெம்பித் தளர்த்தினார். “அம்மா, அடுத்த முறை எலாஸ்டிக் போட்டு வாருங்கள். இங்கே வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நாடாதான் பிரச்சினை” என்றார். அன்றோடு நாடாவை விட்டேன்.

ஜிப் வைத்த பருத்தி நைட்டியும் சில மாதங்கள் எடுத்துப் போனேன். வீட்டில் போட அருமையான உடை. எண்ணெய்த் தோலில் ஜிப்பின் பல் உரசுவது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. மேலும், அதோடு பஸ் ஏற என் மனம் இடம் கொடுக்கவில்லை.

கடைசியில் என் தையற்காரரிடம் சொல்லி ஒன்றைத் தைத்துக்கொண்டேன். முன்பக்கம் முழுவதும் திறக்கிற பருத்திக் குர்தா, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை. கைகள் அகலமாக, தோளில் இரண்டு அங்குலம் கூடுதல் இடம். பெரிய பட்டன்கள், துளைகள் கொஞ்சம் தளர்வாக. கீழே எலாஸ்டிக் வைத்த தளர்ந்த பேண்ட். முதலில் மல் துணியில் தைத்தது தவறு. மெல்லிய பருத்தியில் எண்ணெய் பட்டால் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும். இரண்டாவதாகச் சற்றுக் கனமான கேம்பிரிக் பருத்தியில், கரும் நீலத்தில் பொடிப் பூப்போட்டதாக எடுத்தேன். எண்ணெய்க் கறை அதில் கண்ணுக்குப் படாது. மூன்று ஆண்டுகளாக அதையே போட்டு வருகிறேன். கழுத்துப் பட்டை வெளுத்திருக்கிறது, தையல் ஒன்றும் விடவில்லை.

பருத்திதான் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு வேலூர் வெயிலும் ஒரு காரணம். மே மாதப் பிற்பகலில் கிரீன் சர்க்கிளில் பஸ்ஸுக்கு நின்று பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பருத்தி சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை விழுக்காடுகூட வாங்காது. வியர்வை தோலிலேயே நிற்கும். அதைவிட மோசம், எண்ணெயை அது விடாமல் பிடித்துக்கொள்வது. ஒரு பாலியெஸ்டர் துப்பட்டாவை நான்கு முறை துவைத்தும் தைலத்தின் சிக்கு நாற்றம் போகவில்லை. அதைத் தூக்கிப் போட்டேன். மார்கழி, தை மாதங்களில் மாலை நேரம் குளிரும், நீராவிக்குப் பின் அது நேராக எலும்பில் இறங்கும். அந்த இரண்டு மாதமும் பையில் ஒரு பருத்திச் சால்வை இருக்கும்.

என் நாத்தனார் குடியாத்தத்தில் இருக்கிறார். அந்த ஊர் லுங்கி நெசவுக்குப் பேர்போனது. அவர் கொடுத்த கைத்தறி லுங்கி ஒன்றுதான் இந்த நான்கு ஆண்டில் எனக்கு மிகவும் பயன்பட்ட துணி என்பேன். புதிதில் கஞ்சி மொடமொடப்பு இருக்கும், மூன்று தண்ணீர் பார்த்த பிறகு கன்னத்தில் வைத்துக்கொள்ளலாம் போல ஆகிவிடும். மேசையிலிருந்து நீராவி அறைக்கும், அங்கிருந்து குளியலறைக்கும் மார்புக்கு மேல் கட்டிக்கொண்டு நடக்கலாம். நிலையத்தில் கொடுக்கிற தாள் போன்ற உள்ளாடையும் சின்னத் துண்டும் தரும் கூச்சம் இதில் இல்லை.

கூச்சத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் வயதுப் பெண்கள் பலர் வலியோடு வீட்டிலேயே இருப்பதற்கு அதுவும் காரணம். எதைக் கழற்ற வேண்டும், எது இருக்கலாம், தேய்ப்பது பெண்தானா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். தோளுக்கு மட்டும் தேய்க்க முழு உடையையும் கழற்ற வேண்டிய அவசியம் இல்லை. நான் கேட்டேன், ஒத்துக்கொண்டார்கள். இன்றுவரை லுங்கி இடுப்பில் இருக்கத்தான் படுக்கிறேன்.

துவைப்பதைப் பற்றி: எண்ணெய் பட்ட இடத்தில் தண்ணீர் படும் முன்பே பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைத் தடவிக் கால் மணி நேரம் விட்டுப் பிறகு வெந்நீரில் அலசுகிறேன். மற்றத் துணிகளோடு சேர்ப்பதில்லை. மஞ்சள் கலந்த பற்றுப் போட்ட நாளில் சோப்புப் பட்டதும் கறை சிவப்பாக மாறும், பயப்பட வேண்டாம். மொட்டை மாடி வெயிலில் இரண்டு நாள் காய்ந்தால் மங்கிவிடும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூட்டையாக வெயிலிலோ அடுப்பின் அருகிலோ வைக்காதீர்கள். தாவர எண்ணெய் காற்றோடு சேரும்போது சூடு பிறக்கும், குவியலில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தீப்பிடிக்கவும் கூடும். நான் வீட்டுக்கு வந்ததும் விரித்துப் போட்டுவிடுவேன்.

செருப்பு, குனிந்து மாட்ட வேண்டாத வகையாக இருக்கட்டும். எண்ணெய்ப் பாதம் வழுக்காதபடி அடியில் பிடிப்பும் வேண்டும். வளையல், சங்கிலி வீட்டிலேயே. துவட்ட ஈரிழைத் துண்டு போதும், தடித்த டர்க்கி டவல் எண்ணெயைக் குடித்துக்கொண்டு உலரவே மாட்டேன் என்கிறது.

என் தோள் இப்போது முக்கால்வாசி தூக்க வருகிறது. நாத்தனாருக்கும் இந்த ஆண்டு இடது தோள் பிடித்துக்கொண்டது. போன வாரம் அவருக்காக அதே குர்தாவை அளவு கொடுத்துவிட்டு வந்தேன். என் குர்தாவில் பாக்கெட் இடது பக்கம். அவருக்கு வலது பக்கம் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.