100 கிரெயின் என்று போட்டிருந்தாலும் நிறுத்துப் பாருங்கள்

கிருஷ்ணகிரியில் வில் பழகும் எங்களுக்கு அம்புமுனை வேண்டுமென்றால் ஆன்லைன்தான் வழி. பாக்கெட்டில் 100 கிரெயின் என்று அச்சடித்து வரும், அதாவது 6.48 கிராம். அதை நம்பி அப்படியே ஷாஃப்ட்டில், அதாவது அம்பின் தண்டில், மாட்டாதீர்கள். நகைத் தராசு ஒன்றைப் பல வருடமாகப் பயன்படுத்திவிட்டுச் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது 200 கிராம் வரை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு, 0.01 கிராம் வரை காட்டும். கிரெயினில் அது சுமார் 0.15. இந்த வேலைக்குத் தாராளம். பஜாரில் நகை வேலை செய்யும் ஆசாரி ஒருவர் கண்ணாடிப் பெட்டிக்குள் மில்லிகிராம் தராசு வைத்திருக்கிறார். சில முனைகளை அவரிடமும் கொடுத்து நிறுத்துப் பார்த்தேன். இரண்டாவது தசமம் வரை ஒத்துப்போனது.

ஒரு பாக்கெட்டில் மற்றதெல்லாம் 6.45க்கும் 6.51க்கும் நடுவில் இருக்க, ஒன்று மட்டும் 6.75 காட்டியது. நாலு கிரெயின் அதிகம். கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் 350 கிரெயின் அம்பு, நொடிக்கு 60 மீட்டர் வேகம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 20 மீட்டரில் மற்ற அம்புகளைவிட அரை சென்டிமீட்டர்தான் கீழே இறங்கும். 50 மீட்டரில் சுமார் மூன்று. 70 மீட்டரில் ஆறு வரை போகும். 70 மீட்டர் டார்கெட்டில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 12.2 செ.மீ. நட்ட நடுவில் விழ வேண்டிய அம்பு விளிம்புக்கு வந்துவிடும். "அண்ணா, இந்த அம்பு மட்டும் ஏன் கீழேயே போகுது?" என்று கேட்கும் பிள்ளைகளிடம், கையைத் திருத்துவதற்கு முன் அம்பை நிறுக்கச் சொல்கிறேன்.

வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளில் பயிற்சி முனையும் பிளேடு வைத்த வேட்டை முனையும் ஒரே எடையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். குறி தவறினால் விலங்கு காயத்தோடு ஓடித் துடிக்கும் என்பதால் அங்கே இது இன்னும் முக்கியம். நம் ஊரில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். நமக்கு டார்கெட் மட்டும்தான்.

தராசைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் நிறுக்க வேண்டும். ஆடி மாதம் ஜன்னலையும் சாத்திவிடுவேன். பேட்டரி இறங்கினால் எண் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடும். கூடவே வந்த எடைக்கல்லை வைத்து அவ்வப்போது சரிபார்ப்பது நல்லது. அந்தக் கல்லை வெறுங்கையால் தொடாமல் துணியால் எடுங்கள், விரல் அழுக்கு ஒட்டும்.

நாள்பட்ட முனைகளையும் மறுபடி நிறுக்க வேண்டும். கல்லில் பட்டு நுனி மழுங்கியது எடை குறைந்திருக்கும். பசை போட்டு ஒட்டும் வகையைக் கழற்றினால் முனையின் காம்பில் பழைய ஹாட் மெல்ட் (சூட்டில் உருக்கி ஒட்டும் பசை) ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டாமல் நிறுத்தால் கூடுதலாகத்தான் காட்டும்.

ஒரு கிரெயின் முன்னே பின்னே இருப்பதை நான் கண்டுகொள்வதில்லை, 30 மீட்டருக்குள் பயில்பவருக்கு அது தெரியவும் தெரியாது. முனையை மட்டும் நிறுத்துவிட்டு விட்டுவிடாமல் இறகு, நாக் (நாணில் மாட்டும் பின்பகுதி), இன்செர்ட் (முனையைத் திருக ஷாஃப்ட்டுக்குள் பொருத்தும் துண்டு) எல்லாம் சேர்ந்த முழு அம்பையும் நிறுங்கள். நான் ஒவ்வொரு ஷாஃப்ட்டிலும் எண் போட்டு எடையை நோட்டில் எழுதி வைக்கிறேன். கனத்த முனை லேசான ஷாஃப்ட்டுக்கு என்று ஜோடி சேர்த்தால் மொத்த எடை சரியாகிவிடும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, முன்பாரம் மாறிவிடுகிறது. எடை பொருந்தாத முனைகளைத் தனி டப்பாவில் போட்டு வெறும் 10 மீட்டர் பயிற்சிக்கு வைத்துக்கொள்கிறேன்.