வீட்டு முகவரியா, விடுதி முகவரியா? வெளியூரில் படிப்பவர்கள் எங்கே பெயர் சேர்ப்பது

2019 ஏப்ரல் 18, வியாழக்கிழமை. தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல். மறுநாள் புனித வெள்ளி. முந்தைய இரவு கோயம்பேடு பேருந்து நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. என் பக்கத்தில் நின்ற மாணவிக்குத் திருநெல்வேலி மாவட்டம். கைபேசி உறைக்குள் புது வாக்காளர் அட்டை, முதல் வாக்கு. நள்ளிரவு தாண்டியும் பேருந்தில் இடம் கிடைக்காமல் விடுதிக்கே திரும்பிவிட்டாள். சென்னையில் இரண்டு ஆண்டுகளாக இருந்தவள். வாக்காளர் பட்டியலில் விடுதி முகவரியில் பெயரைச் சேர்த்திருந்தால் காலையில் நடந்துபோய் வாக்களித்திருக்கலாம். அப்படி ஒரு வழி இருப்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

விடுதியிலோ படிக்கும் ஊரில் வேறிடத்திலோ தங்கியிருக்கும் மாணவர், பெற்றோர் வீட்டு முகவரியிலும் பதியலாம், தங்கியிருக்கும் முகவரியிலும் பதியலாம் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. தேர்வு மாணவருடையது. இரண்டு இடத்திலும் பதிவதை மட்டும் 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தடுக்கிறது.

வீட்டு முகவரியின் பெரிய பலம், அதில் சிக்கல் குறைவு. ஆதாரில் அந்த முகவரிதான் இருக்கும். குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே வாக்குச்சாவடி. சரிபார்க்க வரும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் பெரும்பாலும் உள்ளூர் ஆசிரியராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருப்பார். "இவன் இந்த வீட்டுப் பையன்தான்" என்று அவருக்கே தெரியும். படிக்கப் போனதால் பெயர் போய்விடுமோ என்ற பயமும் தேவையில்லை: தற்காலிகமாக வெளியே இருப்பதால் மட்டும் ஒருவர் அந்த ஊர்க்காரர் இல்லை என்று ஆகிவிடாது எனச் சட்டமே சொல்கிறது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கி வீடு வீடாகப் படிவம் வந்தபோது, வெளியூரில் இருந்த பிள்ளைகளுக்காக வீட்டுப் பெரியவர்களே கையெழுத்திட்டுக் கொடுக்க முடிந்தது. விடுதி அறைக்கு அப்படி ஓர் ஆள் இல்லை.

உள்ளாட்சித் தேர்தலையும் மறக்கக் கூடாது. சில நூறு பேர் மட்டுமே வாக்களிக்கும் கிராம ஊராட்சி வார்டில், குடிநீர்க் குழாயும் தெருவிளக்கும் யார் கையில் என்பதை உங்கள் ஒரு வாக்கு மாற்றலாம். நிற்பவர்களை உங்களுக்கு நேரிலேயே தெரியும்.

ஆனால் இவை எல்லாமே, வாக்குப்பதிவு நாளில் நீங்கள் ஊரில் இருந்தால்தான். 2019, 2021, 2024 என மூன்று பொதுத் தேர்தல்களும் தமிழ்நாட்டில் ஏப்ரலில்தான் நடந்தன. பருவத் தேர்வு நெருங்கும் மாதம். மாணவர்களுக்குத் தபால் வாக்கு கிடையாது. படைவீரர்கள், தேர்தல் பணியில் இருப்பவர்கள், 85 வயது கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்ற சிலருக்கே அது உண்டு. இருக்கும் ஊரிலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்க உதவும் இயந்திரத்தை ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளிடம் முன்வைத்தது. எதிர்ப்பு எழுந்ததால் அது நடைமுறைக்கு வரவில்லை.

விடுதி முகவரிக்கு வருவோம். இதற்கு வேண்டிய கூடுதல் தாள் ஒன்றே ஒன்று: கல்லூரி முதல்வரோ பதிவாளரோ புலத்தலைவரோ கையெழுத்திட்ட, நீங்கள் அங்கே படிக்கிறீர்கள் என்று உறுதிசெய்யும் போனஃபைடு சான்றிதழ். படிப்பு அங்கீகாரம் பெற்றதாகவும் குறைந்தது ஓராண்டுப் படிப்பாகவும் இருக்க வேண்டும். ஆறு மாதப் பயிற்சி வகுப்புக்காக வந்து தங்கியிருப்பவர்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அவர்களுக்கு வீட்டு முகவரியே சரி.

தடை எங்கே வருகிறது என்றால், வாசலில். நான் தங்கியிருந்த விடுதிக்கு ஒரு நாள் காலை பதினொரு மணிக்குச் சரிபார்ப்பு அலுவலர் வந்தார். கையில் ஆறு விண்ணப்பங்கள். ஆறு பேரும் வகுப்பில். வாயில் காவலர் பேரேட்டைப் புரட்டி, "பார்வையாளர் நேரம் மாலை ஐந்து மணிக்குத்தான்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். விண்ணப்பம் போட்ட அன்றே விடுதிக் காப்பாளரிடம் சொல்லிவையுங்கள். அலுவலரின் எண்ணை வாங்கி, எப்போது இருப்பீர்கள் என்று பேசிவிடுங்கள். முடிந்தால் பத்துப் பேர் சேர்ந்து ஒரே நாளில் விண்ணப்பியுங்கள், அவருக்கும் ஒரே நடையில் வேலை முடியும்.

மூன்றாண்டு இருந்துவிட்டுப் போகிறவனுக்கு இந்தத் தொகுதியில் என்ன வேலை என்று சிலர் கேட்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. வருடத்தில் பத்து மாதம் நீங்கள் குடிக்கும் தண்ணீர், ஏறும் பேருந்து, இரவில் நடக்கும் தெரு எல்லாம் இந்தத் தொகுதியுடையவை. எண்ணிக்கையும் சிறியதல்ல. 2021 சட்டமன்றத் தேர்தலில் சென்னை தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் 137 வாக்குகள். ஒரு விடுதியின் இரண்டு மாடி மாணவர்கள். ஊர்ப் பக்கமும் இதே கதைதான்: 2016இல் திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரத்தில் 49 வாக்குகள் என்று அறிவிக்கப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

வெளியே அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் நிலைதான் கடினம். முகவரிச் சான்றாக வாடகை ஒப்பந்தம் கொடுத்தால் அது பதிவு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். மாணவர்களுக்கு அறை விடுபவர்கள் அதற்கு அநேகமாக முன்வருவதில்லை. அந்த முகவரியில் வங்கிக் கணக்குப் புத்தகம் இருந்தால் அது உதவும்.

ஓர் இரவுப் பயணத்தில் போய்ச் சேரக்கூடிய ஊர், மாதம் ஒரு முறையாவது போகும் பழக்கம் என்றால் வீட்டு முகவரியிலேயே இருங்கள். டிக்கெட்டைத் தேர்தல் தேதி அறிவித்த அன்றே எடுத்துவிடுங்கள். டெல்லியில் படிக்கும் தஞ்சாவூர்க்காரரும் கோவையில் படிக்கும் மணிப்பூர்க்காரரும் தயங்காமல் விடுதி முகவரிக்கு வந்துவிட வேண்டும். நடுவில் இருப்பவர்கள், கடந்த தேர்தலன்று எங்கே இருந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். விடுதி அறையில்தான் இருந்தீர்கள் என்றால் விடைக்கு வேறெங்கும் போக வேண்டாம்.

முதல் முறை சேர்ப்பவர்களுக்குப் படிவம் 6. ஊரில் ஏற்கெனவே பெயர் இருந்தால் படிவம் 8 மட்டுமே. அதே அட்டை எண்ணோடு பெயர் புதிய முகவரிக்கு மாறிவிடும். பழைய பதிவை மறைத்து மீண்டும் படிவம் 6 கொடுத்தால் அது பொய் உறுதிமொழி, ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. 18 வயது நிறைவைக் கணக்கிட இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாட்கள் உள்ளன. 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பெயர் சேர்ப்பதில்லை, விசாரணைக்கும் நாள் பிடிக்கும். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணை அழையுங்கள்.

விடுதி முகவரியில் பதிந்தவர்கள், கடைசி ஆண்டில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு புறப்படும் வாரத்தில் மீண்டும் ஒரு படிவம் 8 போட்டுவிட வேண்டும். விட்டால், அடுத்த திருத்தத்தின்போது விடுதிக்கு வரும் அலுவலர் உங்கள் பெயருக்கு நேரே "குடிபெயர்ந்தவர்" என்று எழுதிக்கொண்டு போவார்; ஊர்ப் பட்டியலிலும் உங்கள் பெயர் இருக்காது.