எண்ணெய் உறிஞ்சும் வெள்ளை பேட்: நீலகிரிக் குளிரில் எதுவரை கைகொடுக்கும்?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் டீசல் ஜெனரேட்டர் ஓடும் டீ ஃபேக்டரி, விடுதி எதுவானாலும் இந்த பேட் ஒரு கட்டாவது கையிருப்பில் இருக்க வேண்டும். சரிவில் சிந்திய டீசல் ஓடையைத் தொட நேரமே ஆகாது. குன்னூர் ஓடைத் தண்ணீர் பவானியில் போய்ச் சேருகிறது, கீழே அதைத்தான் குடிக்கிறார்கள்.

பாலிப்ரொப்பிலீன் இழையால் ஆன பேட் இது. எண்ணெயை இழுக்கும், தண்ணீரை ஒதுக்கும், ஊறிய பிறகும் மிதக்கும். சாம்பல் நிற பேட் தண்ணீரையும் சேர்த்துக் குடிப்பதால் ஓடைக்கு ஆகாது. வாங்கும்போது எடையைக் கேளுங்கள். சதுர மீட்டருக்கு 200 கிராம் என்றால் 40×50 செ.மீ. பேட் ஒன்று 40 கிராம். தன் எடையைப் போல் பத்து மடங்கு பிடித்தாலும் அரை லிட்டர் டீசலுக்குச் சற்றுக் குறைவுதான். 200 லிட்டர் பேரல் கவிழ்ந்தால் 100 பேட் கொண்ட கட்டு நாலு போதாது. ஆகவே ஜெனரேட்டரைச் சுற்றித் தடுப்புச் சுவர் முதலில், பேட் அதற்கு அடுத்து.

தரையில் சிந்தினால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் போட்டுக்கொண்டே போங்கள். சோப்புத்தூள் போடவே கூடாது. எண்ணெய் தண்ணீரோடு கலந்துவிடும், பிறகு இந்த பேட் அதைச் சரியாகப் பிடிக்காது. ஓடைக்குள் இறங்கிவிட்டால் உருளை வடிவத் தடுப்பு தேவை. ஆனால் நீரோட்டம் வினாடிக்கு சுமார் 35 செ.மீ.க்கு மேல் போனால் எண்ணெய் தடுப்பின் அடியில் நுழைந்து தப்பிவிடும். ஒரு தேயிலையை நீரில் விடுங்கள்; மூன்று வினாடிக்குள் ஒரு மீட்டர் ஓடினால் அங்கே கட்டிப் பயனில்லை. கீழே தேங்கும் இடம் பார்த்து, சாய்வாகக் கட்ட வேண்டும்.

தலைகுந்தாவில் உறைபனி விழும் ஜனவரி விடியலிலும் டீசலுக்கு இது வேலை செய்கிறது. டீசல் சற்றுத் தடித்திருப்பதால் கூடுதல் நேரம் விட்டு வைத்தால் போதும்.

பாய்லரில் எரிக்கும் கெட்டியான ஃபர்னஸ் ஆயில் என்றால் கதை வேறு. பேட் உறிஞ்சுவது இழைகளின் இடைவெளியில் எண்ணெய் ஊர்ந்து ஏறுவதால். ஊர முடியாத எண்ணெய் மேலே அப்பிக்கொண்டு நிற்கும், உள்ளே இழை வெள்ளையாகவே இருக்கும். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதிச் சிந்திய எண்ணெயை, நம் வெதுவெதுப்பான கடலிலேயே, வாளியால் அள்ள வேண்டியிருந்தது.

துருவக் கடலுக்கும் இதே பேட் போதும் என்று யாராவது சொல்லி விற்றால் நம்பாதீர்கள். கப்பல்களில் பரவலாக எரிக்கப்படும் 380 ரகக் கனரக எண்ணெய் 30 டிகிரியிலேயே ஓடாமல் நின்றுபோகலாம். டேங்கிலேயே சூடாக்கித்தான் பம்ப் செய்கிறார்கள். துருவத்துக் கடல்நீரோ மைனஸ் 1.8 டிகிரி வரை இறங்கும். அங்கே சிந்தினால் தண்ணீரை இழுத்துப் பல மடங்கு பருத்துக் களியாகிவிடும். பனிக்கட்டிக்கு அடியில் போனால் மேலும் மோசம்: கீழே புதிதாக உறையும் பனி அதை உள்ளே வைத்து மூடி, வசந்தத்தில் உருகும்போது வேறெங்கோ கொண்டுபோய் விடும். டீசல் வகை எரிபொருளும் நஞ்சுதான், என்றாலும் அது பெருமளவு ஆவியாகிச் சிதறும். கனரக எண்ணெய் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

சர்வதேசக் கடல்சார் அமைப்பு அண்டார்டிகாவில் 2011 ஆகஸ்டிலும் ஆர்க்டிக்கில் 2024 ஜூலையிலும் இந்த எண்ணெய்க்குத் தடை கொண்டுவந்தது. 15 டிகிரியில் கன மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் அடர்த்தி, அல்லது 50 டிகிரியில் 180 சென்டிஸ்டோக்குக்கு மேல் பாகுநிலை (எண்ணெயின் தடிப்பு) இருந்தாலே ஆர்க்டிக் தடையில் அகப்படும். ஆனால் எரிபொருள் டேங்குக்கு இரட்டைச் சுவர்ப் பாதுகாப்புள்ள கப்பல்களுக்கு 2029 ஜூலை வரை விலக்கு. அள்ளவே முடியாத ஒன்றுக்கு இவ்வளவு அவகாசம் தந்தது தவறு.

இந்த பேட்டுக்கு என் மதிப்பெண்: டீசலுக்கு ஐந்துக்கு நாலு, ஃபர்னஸ் ஆயிலுக்கு ஒன்று. வெயிலில் வைத்தால் இழை நொறுங்கும், மூடி வையுங்கள். பிழிந்து இரண்டு மூன்று தடவை பயன்படுத்தலாம், பிடிப்பு குறைந்துகொண்டே வரும். ஊறிய பேட்டை டிரையர் அடுப்பில் போடாதீர்கள். மூடியுள்ள பேரலில் சேர்த்து, அபாயக் கழிவு எடுக்க உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படையுங்கள்.