‘செலவுத் தொகையுடன்’ ஜெயித்தேன், வக்கீல் கட்டணம் ஒரு பைசா வரவில்லை

கட்டடத் தகராறில் கேஸ் நடத்துகிறவர்கள், முக்கியமாக அப்பீல் தீர்ப்புக்குக் காத்திருப்பவர்கள், உங்கள் வக்கீலிடம் இன்றைக்கே கேளுங்கள்: “ஃபீஸ் சர்டிஃபிகேட் போட்டாச்சா சார்?” கட்டணம் வாங்கிக்கொண்டேன் என்று வக்கீல் கையெழுத்துப் போட்டுக் கோர்ட்டில் தரும் சான்று அது. நான் கேட்காமல் விட்டேன்.

மதுரை திருநகரில் எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்தோம். காண்ட்ராக்டர் மேல்தளத்தில் தட்டோடு பதிக்கவில்லை, கைப்பிடிச் சுவரும் பூசவில்லை, பாதியில் போய்விட்டார். போனவர் பாக்கி 3,80,000 ரூபாய் என்று என் மேலேயே தாவா போட்டார். முன்சீப் கோர்ட்டில் அவர் பக்கம் தீர்ப்பு. சப் கோர்ட் அப்பீலில் நான் ஜெயித்தேன். கீழ்க்கோர்ட் கண்டுகொள்ளாத கமிஷனர் (வீட்டைப் பார்வையிடக் கோர்ட் நியமித்த வக்கீல்) ரிப்போர்ட்தான் கைகொடுத்தது. ஐப்பசி மழையில் அந்த அட்வகேட் கமிஷனர் வந்தபோது ஹாலில் என் மனைவி இரண்டு தேக்சாவும் ஒரு அண்டாவும் வைத்திருந்தாள். அவர் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தேக்சா நிரம்பி வழிந்தது. அந்தப் போட்டோவும் ரிப்போர்ட்டில் இருக்கிறது.

‘இரண்டு கோர்ட் செலவுத் தொகையுடன் அப்பீல் அனுமதிக்கப்படுகிறது’ என்று தீர்ப்பு. அதாவது என் கேஸ் செலவைத் தோற்றவர் தர வேண்டும். வக்கீலுக்கு மட்டும் இரண்டு கோர்ட்டுக்கும் சேர்த்து 1,10,000 கொடுத்திருந்தேன். அது திரும்பிவிடும் என்று கணக்குப் போட்டுவிட்டேன். அன்றைக்கு வக்கீல் ஆபீஸ் மொத்தத்துக்கும் டீ, வடை என் செலவு.

அப்புறம் காப்பி அப்ளிகேஷன் போட்டு டிகிரி (தீர்ப்பின்படி யாருக்கு என்ன என்று கோர்ட் எழுதும் ஆணை) நகல் வாங்கினேன். கடைசிப் பக்கத்தில் செலவுப் பட்டியல். அப்பீல் மெமோ ஸ்டாம்ப் 11,400. (தமிழ்நாட்டில் 2017-இல் கோர்ட் கட்டணத்தை ஏழரை சதவீதத்திலிருந்து மூன்றாகக் குறைத்தார்கள், இல்லாவிட்டால் இதுவே 28,500 ஆகியிருக்கும்.) கமிஷனர் கட்டணம் 8,000. வக்காலத்து ஸ்டாம்ப், பேட்டா (நோட்டீஸ் அனுப்பக் கோர்ட்டில் கட்டும் தொகை) எல்லாம் சேர்த்து 310. ‘வக்கீல் கட்டணம்’ என்ற வரிக்கு நேராக வெறும் கோடு. மொத்தம் 19,710 ரூபாய். கோர்ட் தப்பாகக் கூட்டிவிட்டது என்று நினைத்து அந்தப் பக்கத்தை மூன்று தடவை பார்த்தேன்.

விஷயம் புரிந்தது பக்கத்து ஆபீஸ் குமாஸ்தா சொன்ன பிறகுதான். “அண்ணே, பீஸ் வாங்கினேன்னு உங்க வக்கீல் கையெழுத்துப் போட்டு சர்டிஃபிகேட் தாக்கல் பண்ணியிருக்கணும். கேஸ் கட்டுல அது இல்லையே. அப்புறம் எப்படி வரும்?” தீர்ப்புக்கு முன்னால் போட்டிருக்க வேண்டியதாம். போட்டிருந்தாலும் நாம் கொடுத்தது முழுக்க வராது, தாவா மதிப்புக்கு ரூல்ஸில் உள்ள அளவுதான் வரும். ஆனால் கோட்டுக்குப் பதிலாக ஒரு தொகையாவது இருந்திருக்கும்.

ஏன் போடவில்லை என்று வக்கீலிடம் கேட்டேன். “அதெல்லாம் யாருண்ணே போடுறா?” என்றார். கொடுத்த பணத்துக்கு ஒரு தடவைகூட ரசீது தந்ததில்லை. கணக்கில் காட்ட மனசில்லையோ என்னவோ.

இன்னொன்றும் கோட்டை விட்டோம். சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஆர்டர் 20ஏ இருக்கிறது. நோட்டீஸ் செலவு, டைப்பிங், சாட்சியை அழைத்து வந்த செலவு, அப்பீலுக்காக எடுத்த தீர்ப்பு நகல், டிகிரி நகல் செலவு, எல்லாம் அதில் கேட்கலாம். நான் பில்களை ஒரு மஞ்சப்பையில் போட்டு வக்கீலிடமே கொடுத்திருந்தேன். பை அவர் அலமாரியிலேயே இருந்தது. பொய்க் கேஸ் போட்டதற்கு நஷ்டஈடு கேட்கலாமா என்றால், அதற்கான 35ஏ பிரிவில் உச்சவரம்பே 3,000 ரூபாய்தான். அதுவும் அப்பீலுக்குப் பொருந்தாது.

இதையெல்லாம் கவனக்குறைவு என்று விட்டிருப்பேன். அடுத்து நடந்ததற்குத்தான் இந்தப் பதிவு. கீழ்க்கோர்ட் டிகிரிக்கு ஸ்டே வாங்க 1,90,000 ரூபாய் கோர்ட்டில் டெபாசிட் கட்டியிருந்தேன். அதையும் செலவுத் தொகையையும் ‘எடுத்துத் தர’ வருவதில் 20 பர்சென்ட் வேண்டும் என்றார் வக்கீல். டெபாசிட் என் பணம், செக் பெட்டிஷன் (கோர்ட்டில் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கும் மனு) போட்டால் திரும்ப வரும் பணம். அதில் 38,000 அவருக்காம்! கேஸில் வருகிற பணத்தில் பங்கு பேசக் கூடாது என்று பார் கவுன்சில் ஆஃப் இந்தியா விதியே இருக்கிறது. முடியாது என்றதும் கேஸ் கட்டைத் தரவில்லை, வேறு வக்கீல் வைக்க நோ அப்ஜெக்‌ஷன் கையெழுத்தும் போடவில்லை. நாலு மாதம் அலைந்தேன். ஃபீஸ் பாக்கி இருந்தால்கூடக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லியிருக்கிறது. அதைக் காட்டி மாநில பார் கவுன்சிலுக்குப் புகார் எழுதி, போஸ்ட் பண்ணுவதற்கு முன்னால் அவருக்கு ஒரு நகல் அனுப்பினேன். மறுநாளே கட்டு வந்தது, மஞ்சப்பையோடு.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமே என்று மச்சான் சொன்னார். வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் அந்த வழியில் அலைய வேண்டாம், பார் கவுன்சில்தான்.

டெபாசிட் புது வக்கீல் மூலம் முழுசாகக் கைக்கு வந்துவிட்டது. 19,710-க்கு ஈ.பி. (டிகிரிப் பணத்தை வசூலிக்கும் நிறைவேற்று மனு) போட்டிருக்கிறோம், டிகிரியிலிருந்து 12 வருஷம் வரை போடலாம். அதற்கான வக்கீல் கட்டணத்துக்கு முதல் நாளே ரசீது வாங்கிவிட்டேன். போன வாய்தாவில் காண்ட்ராக்டருக்குப் போன நோட்டீஸ், வீடு பூட்டியிருக்கிறது என்று திரும்பி வந்தது. திங்கட்கிழமை மறுபடி பேட்டா கட்ட வேண்டும்.